ஒளிக்குத் திசை வகுக்கும் உலோகத் துணிக்கைகள்

காங்கேசன்துறைக் கடற்கரையில் எண்கோண வடிவினதாய் நிற்கும் வெளிச்சவீடு 1893ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதன் விளக்கு அணைந்தது. வெளிச்சவீடு அமைப்போர் எந்நாட்டிலும் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்றுண்டு. சுடரின் இயல்பு எப்புறமும் பரவுதல். மாலுமிக்கு வேண்டுவதோ கடலை நோக்கிய கதிர். வானுக்கும் நிலத்துக்கும் செல்லும் ஒளி வீணே கழியும். ஆகலின், ‘எவ்வளவு ஒளி?’ என்பதிலும் ‘எத்திசையில் ஒளி?’ என்பதே அங்கே முதன்மையான வினாவாயிற்று.

இவ்வினாவுக்கு முன்னோர் கண்ட விடை இரண்டு. ஒன்று, குழியாடியால் ஒளியைத் தெறிக்கச் செய்தல். மற்றது, வில்லையால் அதனை முறித்துத் திருப்புதல். பிரான்சு நாட்டுப் பிரெனெல் என்பார் 1820களில் அரியங்களை வளையம் வளையமாக அடுக்கி அமைத்த வில்லை, உலகின் பல வெளிச்சவீடுகளில் இடம்பெற்றது. ஆயினும் ஆடியும் வில்லையும், ஒளி பிறந்து பரவிய பின்னரே அதனை மடக்குவன. பிறக்கும் இடத்திலேயே ஒளிக்குத் திசை வகுத்தல் கூடுமோ? கூடும் என்கிறது இக்கால விஞ்ஞானம்.

அதனை விளங்கிக்கொள்ள நம்மவர் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. 1980களில் யாழ்ப்பாணத்தார், மீன்முள்ளை ஒத்த அலுமினிய ‘அன்ரனா’க்களை உயர்ந்த கம்பங்களிற் கட்டித் தமிழகத்தை நோக்கித் திருப்பி, கடல் கடந்து வந்த தொலைக்காட்சியைக் கண்டு களித்தனர். 1926இல் யப்பானியரான உடா, யாகி என்னும் இருவர் உலகுக்கு அறிவித்த அமைப்பு அது. அதிலுள்ள கோல்களுள் ஒன்றே கம்பியோடு தொடுக்கப்பெறும். அதன் பின்னே சற்று நீண்ட கோல்; முன்னே சற்றுக் குறுகிய கோல்கள் பல. கம்பித் தொடர்பற்ற இக்கோல்களும் அலை பட்டவுடன் தாமும் அலை பரப்புகின்றன. முன்திசையில் அவ்வலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து வலுக்கின்றன. பின்திசையில் முகடும் பள்ளமும் சேர்ந்து மாய்கின்றன. ஒரு திசையிலிருந்து நன்கு வாங்கும் அன்ரனா, அத்திசை நோக்கி நன்கு வழங்கவும் வல்லது.

ஒளியும் மின்காந்த அலையே. வேற்றுமை அளவில்தான் உளது. தொலைக்காட்சி அலையின் நீளத்தை மீற்றரால் அளக்கலாம்; கட்புல ஒளியின் அலைநீளமோ ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரையே. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ஆகவே, கோல்களையும் அதற்கேற்பச் சுருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஐந்து நுண்ணிய பொற்கோல்களை இம்முறையில் நிரைப்படுத்தி, அவற்றுள் ஒன்றன் முனையிற் குவாண்டம் புள்ளி என்னும் ஒளியுமிழ் துணிக்கையை வைத்தனர். தனியே விட்டாற் பல திசையிலும் ஒளிரும் அப்புள்ளி, அங்கே ஒருதிசை நோக்கி ஒளிர்ந்தது.

பொன், வெள்ளி, அலுமினியம் முதலிய உலோகங்களினுள்ளே கட்டற்று உலவும் இலத்திரன்கள் உள. நுண்துணிக்கையில் ஒளி படுங்கால் அவை ஒருங்கே ஊசலாடி, அத்துணிக்கையை ஒரு சிற்றன்ரனா ஆக்குகின்றன. புகையிலைக் கன்று நட்டாற்போல, அலைநீளத்தை ஒத்த இடைவெளியில் இத்துணிக்கைகளை வரிசை வரிசையாய் அமைத்தால், அவை சிதறும் அலைகள் குறித்த கோணங்களில் ஒத்திசைந்து வலுப்பெறும். 2013இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர், அலுமினியத் துணிக்கை நிரைகளின்மீது சாயப் படலம் பூசி நீல ஒளியால் தூண்டினர். சாயம் உமிழ்ந்த ஒளி முன்னோக்கிப் பன்மடங்கு மிக்கது. இன்று நாம் ஏற்றும் வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகள் பலவற்றிலும், நீல ஒளி ஒரு மஞ்சட் பூச்சைத் தூண்டுவதனாலேயே வெண்மை பிறக்கிறது. இந்நிரைகளின் பயன் இதனால் விளங்கும்.

குறையும் உண்டு. உலோகம் ஒளியில் ஒரு பங்கை விழுங்கி வெப்பமாக்கிவிடும். துணிக்கைகளைப் பரந்த பரப்பில் வழுவாது நிரைப்படுத்தலும் எளிதன்று. இடைவெளி மாறின் திசையும் மாறும்.

‘தமிழாசிரியர்க்கு இங்கே என்ன வேலை?’ என வினவுவோர் உளர். மேலே வந்த சொற்களை நோக்குக. முகடு கூரையினின்றும், நிரை தோட்டத்தினின்றும், பள்ளம் வண்டிப்பாதையினின்றும் வந்தன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், மாணாக்கர் தம் தாய்மொழியிலேயே கற்றல் வேண்டுமென மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அத்தகைய மண்ணிலே, பொருள் விளங்காது பரீட்சைக்காகச் சூத்திரங்களை நெட்டுருப் பண்ணும் பிள்ளையைக் காணுந்தோறும் நெஞ்சு நோகின்றது.

கடலலை பார்த்து வளரும் பிள்ளைக்கு, இரண்டலை கூடி எழுவதையும் மோதி அடங்குவதையும் கரையிலேயே காட்டலாம். விஞ்ஞான ஆசிரியர் கருத்தைத் தருக. தமிழாசிரியர் சொல்லைத் தருக. இருவரும் ஒரே வகுப்பிற் கூடி நின்றால், அப்பிள்ளை ஒளியின் வழியைத் தன் மொழியிலேயே விளங்கிக்கொள்ளும்.