கடலில் காலூன்றல்

கடலைப் பாடாத புலவர் அரியர். அக்கடலின் வலிமையை அளந்து கணக்கெழுதுவோரும் நமக்கு அருகிலேயே இருக்கின்றனர் என்பது நம்மில் பலர் அறியாதது. கேளம்பாக்கத்திற்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை அடுத்த தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் வளாகம் ஒன்று உள்ளது. ஆழங்குறைந்த கடலின் அலைகளை ஆராய்வதற்கென அங்கு அமைத்த பெருந்தொட்டியை அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. பல திசைகளிலிருந்தும் அலைகளை எழுப்ப வல்லது அத்தொட்டி. கூப்பிடு தூரத்தில் கோவளத்துக் கடல் இருக்க, தொட்டிக்குள் ஒரு கடல் எதற்கு?

விடை சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றில் இருக்கிறது. அலைதடுப்புச் சுவர்கள் முடியுந் தறுவாயில் இருந்தபோது, 1881 நவம்பரில் வீசிய புயல் ஏறத்தாழ அரை மைல் நீளச் சுவரைச் சிதைத்தது. கான்கிரீட் பாளங்களைத் துறைமுகத்திற்குள் வீசியெறிந்தது, பாரந்தூக்கிகளையும் கவிழ்த்தது. உண்மைக் கடலில் சோதனை செய்வதற்கு ஆகும் செலவு இது!

கடலில் நிற்கும் ஒரு தூணை அலை எவ்வாறு தாக்குகிறது? 1950இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிசனும் அவருடைய துணைவர் மூவரும் இதற்கு ஒரு சமன்பாடு தந்தனர். அதன்படி விசை இரு கூறுகளாலானது. ஒன்று, நீரின் வேகத்தால் வருவது; வேகம் இருமடங்கானால் இது நான்கு மடங்காகும். மற்றொன்று, வேகம் மாறுவதால், அதாவது முடுக்கத்தால் வருவது. அலையின் முகடு தூணைக் கடக்கும்போது முதலாவது உச்சத்தில் இருக்கும். இரண்டாவது அப்போது இராது. மெல்லிய தூணுக்கு முதலாவதும், பருத்த தூணுக்கு இரண்டாவதும் பெருந்தொல்லை.

ஆழ்கடலில் அலையின் ஆட்சி மேற்பரப்பில்தான். 8 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். அதில் பாதி, அதாவது 50 மீட்டர் ஆழத்திற்குக் கீழே அந்த அலையின் ஆட்டம் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். 1974இல் எண்ணெய் கண்டறியப்பட்ட பம்பாய் ஹை போன்ற இடங்களில் நிற்கும் மேடைகளை அலை மேற்பகுதியில்தான் உலுக்குகிறது. நட்ட கழியின் தலையைப் பிடித்து ஆட்டினால் அடி தளர்வதுபோலத்தான் இதுவும்.

பேரலை ஒன்றே பகை என்று எண்ணிவிடலாகாது. அதே 8 விநாடி அலை நாளொன்றுக்கு 10,800 முறை மோதும். 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 கோடி முறை! கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடித்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. வடகடலில் 'அலெக்சாண்டர் கீலாண்டு' என்ற ஐந்து கால் மிதவை மேடை 1980 மார்ச் 27 அன்று இப்படித்தான் கவிழ்ந்தது. நீரடி ஒலிக்கருவிக்காக ஒரு குறுக்குக் குழாயில் சிறு தாங்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தனர். அந்த 6 மில்லிமீட்டர் பற்றவைப்பிலிருந்த குறை நாளடைவில் வெடிப்பாக வளர்ந்தது. குழாய் முறிந்தது, அதன்பின் ஒரு கால் பிய்ந்து போயிற்று. மேடையிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். தாங்கியைப் பற்றவைத்தவர் அதை ஒரு சில்லறை வேலையாகவே கருதியிருப்பார்.

இனித் தொட்டிக்குத் திரும்புவோம். மாதிரியை 25இல் ஒரு பங்காகச் செய்தால் 5 மீட்டர் அலை 20 சென்டிமீட்டராகும். காலமோ 25இன் வர்க்கமூலமாகிய 5ஆல் குறையும். 8 விநாடி 1.6 விநாடியாகிவிடும். விசை 15,625இல் ஒரு பங்கு. ஆனால் நீரின் பிசுபிசுப்பை இவ்வாறு குறைக்க இயலாது. மணலும் அப்படியே. அதைப் 25இல் ஒரு பங்காகப் பொடித்தால் சேறுபோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொட்டி தரும் எண்களை அப்படியே நம்பாமல் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறார்கள்.

ஆழங்குறைந்த நீருக்கெனத் தனித்தொட்டி வேண்டியதன் காரணம் வேறு. கரையை நெருங்கும் அலை தரையை உணர்கிறது. வேகம் குறைந்து உயர்கிறது. நீரின் ஆழத்தில் முக்காற்பங்கு உயரத்தை எட்டும்போது உடைகிறது. உடையும் அலை சுவரில் மோதும் அறை, கணநேரமே நீடித்தாலும் மிகக் கடுமையானது. புயலன்று கடல்மட்டமே ஏறிவிடுவதால், வழக்கமாகத் தொலைவில் உடைந்து ஓயும் பேரலை சுவர் வரை வந்து உடைகிறது. 4 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் அலைதான் நிற்கும் என்று கணக்கிட்டுக் கட்டிய சுவர், ஆழம் 6 மீட்டரானதும் நாலரை மீட்டர் அலையைச் சந்திக்க நேரும்.

தொட்டியில் எந்த அலையை எழுப்புவது என்பதைக் கடல்தான் சொல்லவேண்டும். 1993இல் தோன்றி, பள்ளிக்கரணையில் இயங்கிவரும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குத் துணைசெய்கிறது. அது வங்கக் கடலில் நிறுத்தியுள்ள மிதவைகள், புயல் காலத்திலும் அலையின் உயரத்தையும் கால இடைவெளியையும் அளந்து செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன.