தண்ணீர்விட்டான்: வேரால் வாழும் செடி

வானம் பார்த்த பூமி என வழங்கப்பெறும் விருதுநகர் மாவட்டத்தில் ‘மருந்து’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று நோய் தீர்ப்பது. மற்றொன்று பட்டாசில் இடப்படும் வெடிக்கலவை. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றவும், அதன்பின் பட்டாசுத் தொழில் வளரவும் இம்மண்ணின் வெயிலே துணைநின்றது. பட்டாசு மருந்துக்கு ஈரம் பகை. ஆயின் அதே வெயிலின் கீழ், ஈரத்தைத் தன் வேரில் ஒளித்து வைத்து நோய் தீர்க்கும் மருந்தாகும் செடி ஒன்றும் உண்டு. தண்ணீர்விட்டான் என்னும் அச்செடியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் நலம்

‘விட்டான்’ என்பது வினைமுற்றுப் போலத் தோன்றினும், ஈண்டு வினையாலணையும் பெயராய் நின்று செடியைக் குறித்தது. இதன் கிழங்கை ஒடித்தால் நீர் கசியும். அதுபற்றியே இப்பெயர் வந்தது என்பர். வடமொழியார் இதனைச் சதாவரி என்றும், நூறு வேர் உடையது என்னும் பொருளில் சதமூலி என்றும் வழங்குவர். யூனானி மருத்துவர் சதாவர் என்பர். தாவரவியலார் இட்ட பெயர் அஸ்பராகஸ் ரெசிமோசஸ் என்பதாகும்.

செடியின் இயல்பு

இது பிற செடிகளைப் பற்றிப் படரும் முட்புதர். இதில் நாம் இலை எனக் கருதும் ஊசி போன்ற பசும் பகுதிகள் இலைகளல்ல. கிளாடோடு எனப்படும் உருமாறிய சிறு கிளைகளாம். உண்மையான இலைகள் செதில்களாகச் சுருங்கிவிட்டன. தண்டில் காணும் வளைந்த முட்களும் அவற்றின் வழி வந்தவையே. இலைப்பரப்புச் சுருங்கியதால் நீரிழப்புக் குறைகிறது. முள், ஆட்டின் வாயினின்று செடியைக் காக்கிறது. கொழுகொம்பைப் பற்றி ஏறவும் உதவுகிறது. மணமுள்ள வெண்ணிறச் சிறு பூக்கள் கொத்தாக மலரும். காய் பழுத்துச் சிவக்கும். உள்ளிருக்கும் விதை கருநிறமானது.

எனினும் செடியின் உயிர்நிலை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஒரே அடியிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிழங்கு வேர்கள் இறங்கும். கோடையில் மேற்பகுதி காய்ந்து போயினும், வேரில் சேர்த்து வைத்த நீராலும் உணவாலும் மழை வந்ததும் மீண்டும் தளிர்க்கும்.

இருவகை அறுவடை

ஐரோப்பியர் உண்ணும் அஸ்பராகஸ் இதன் உறவுச் செடி. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிடீஸ் தம் மூலிகை நூலில் அச்செடியைக் கூறினார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அந்நூல் அரபு மொழிக்குச் சென்றது. அரபு மருத்துவர் அச்செடியை ஹில்யவ்ன் என்றனர். மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்க் நகரில் மறைந்த இப்னுல் பைத்தார், 1,400க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களைத் தொகுத்து இவ்வறிவை வளர்த்தார்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அங்கே வெட்டுவது இளந்தண்டு. வேர் நிலத்தில் இருப்பதால் அடுத்த ஆண்டும் தளிர்க்கும். இங்கே வேண்டுவதோ வேர். தாய்ப்பால் பெருகவும் உடல் தேறவும் சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றும் கிழங்கையே பயன்படுத்துகின்றன. எனவே காட்டில் ஒரு செடியை முழுதாக அகழ்ந்தால் அதன் வாழ்வு அத்துடன் முடிகிறது. சந்தையில் தேவை கூடக் கூட, காடு வெறுமையாகும்.

நம் மேற்கெல்லையாகிய திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. அங்கு மூலிகை அகழ்தல் சட்டப்படி குற்றம். ஆகவே நாட்டு நிலத்தில் பயிரிடுதலே நேரிய வழியாகும்.

பயிரிடும் முறை

நீர் தேங்காத செம்மண்ணும் மணற்பாங்கான நிலமும் ஏற்றவை. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளின் கரிசலில் மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அங்கு மேட்டுப்பாத்தி அமைத்தல் வேண்டும். விதையின் தோல் கடினமானது. ஒரு நாள் நீரில் ஊறவைத்து நாற்றங்காலில் இடலாம். முளைகளுடன் கூடிய கிழங்கடியைப் பிரித்தும் நடலாம். செடிக்குச் செடி இரண்டு அடிக்குக் குறையாத இடைவெளி தந்து, படரக் குச்சி நாட்டுதல் வேண்டும். தனி நிலம் இல்லாதார் வேலியோரத்தில் நட்டாலும் படரும்.

தீபாவளியை ஒட்டிப் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடப்படுவதை நாம் அறிவோம். வடகிழக்குப் பருவமழையும் அக்காலத்தே பெய்கிறது. தொழிலாளர் கைகள் ஓய்ந்திருக்கும் அந்நாள்களே நாற்று நடுவதற்கு உகந்தவை.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் வளர்ந்தபின் கிழங்கை அகழலாம். தோல் உரித்து, நடுநரம்பை உருவி உலர்த்துவர். நீரே மிகுதியாதலால் உலர்ந்தபின் எடை பெரிதும் குறையும். விளைச்சலைக் கணக்கிடுவோர் இதனை மறத்தலாகாது. வாங்குவோர் யாவர் என்பதையும் நடுவதற்கு முன்பே அறிந்துகொள்ளல் நலம். அகழும்போது முளையுள்ள அடிப்பகுதியைச் சில வேர்களுடன் மீண்டும் மண்ணில் வைத்தால் செடி மறுபடி தழைக்கும். இதனை மருந்தாக உண்போர் மருத்துவர் அறிவுரை பெற்றே உண்ணுதல் வேண்டும்.

நிறைவாக

மரம் நட்டு, அதன் பயனை மனிதரும் பறவையும் விலங்கும் துய்ப்பின் அது நட்டவருக்குத் தருமமாகும் என்பது நபிமொழி காட்டும் நெறி. எடுப்பவன் திரும்ப வைக்கவும் கடமைப்பட்டவன். தமிழ் பயிலும் மாணவர் இச்செடியின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. கல்லூரி வேலியோரத்தில் ஆளுக்கொரு செடி வைத்தல் வேண்டும். சொல் நூலில் வாழ, செடி மண்ணில் வாழட்டும். இறைவன் அதற்கு அருள்புரிவானாக!