கூடியிருப்பதும் ஒரு மருந்துதான்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் 2 மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். வீடும் தொழிலும் போனதைக் கணக்கிட்டோம். அயல் போனதைக் கணக்கிடவில்லை.

ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறினர். 2009க்குப் பின் சிலர் மீளக் குடியேற, குடும்பங்கள் மறுபடியும் பிரிந்தன. உம்மா புத்தளத்தில், மகன் சோனகத்தெருவில். ஆண்களுக்கு ஐவேளையும் பள்ளிவாசல் உண்டு. பெண்களுக்கும் படுக்கையிலிருக்கும் முதியவர்களுக்கும் எது?

"உங்களுக்கு மனவருத்தமா?" என்று கேட்டால் ஒருவரும் வரமாட்டார். "மௌலூது இருக்கு, வாங்க" என்றால் வருவார்கள். மௌலூது, கந்தூரி பற்றிய மார்க்க விவாதம் வேறு. அவை செய்த சமூக வேலையைக் கவனிக்க வேண்டும். நார்சா வீடு வீடாகப் போகும்போது, "ராத்தா ஏன் வரல்ல?" என்ற கேள்வியும் கூடவே போகும். வராதவரைத் தேடுவதுதான் தனிமைக்கு மருந்து.

இன்று ஒன்றுகூடல் நடத்துவோர் இதையே பின்பற்றலாம். நாள் மாறக்கூடாது, இடம் நடைதூரத்தில் இருக்கவேண்டும், பேச்சைவிடக் கைக்கு வேலை வேண்டும். பன் பின்னலோ சமையலோ நடக்கையில் வாய் தானாகத் திறக்கும். உள்ளூர்ப் பெண்களையும் அழைக்கவேண்டும். இல்லாவிட்டால் அகதி, ஊரவர் என்ற வேலி இன்னும் உயரும்.

பழைய ஊரைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். அவர்கள் பேச, நாம் கூடியிருந்து கேட்கவேண்டிய காலம் இதுதான்.