கமராவின் படம் மங்கினால் முதலில் என்ன பார்ப்பது?

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் எமது சகோதரிகளில் சிலர் வாகனம் ஓட்டிப் பிழைக்கின்றனர். அவர்களிடம் உள்ளவை பெரும்பாலும் யப்பானிலிருந்து வந்த பழைய வாகனங்கள். பலவற்றில் பின்புறக் கமரா உண்டு. றிவேர்ஸ் கியர் போட்டதும் பின்னால் உள்ளவை திரையில் தெரியும். அந்தப் படம் மங்கும்போதுதான் கவலையும் செலவும் தொடங்குகின்றன.

களப்பணியில் நான் சந்தித்த ஒரு தாய் பாடசாலை வான் ஓட்டுகிறார். “மிஸ், பிள்ளையள் இறங்கி எந்தப் பக்கத்தால ஓடுங்கள் எண்டு சொல்லேலாது. படம் தெரியாட்டி எனக்குக் கை நடுங்குது” என்றார். கராஜ் ஒன்றில் கமரா, திரை இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கூறியிருந்தனர். எமது அலுவலகச் சாரதி அண்ணையிடம் நான் கற்றிருந்த முறைப்படி, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பார்த்தோம். பின் கதவுப் பிணைச்சலில் ஒரு வயர் அறுந்திருந்தது. அவ்வளவுதான். அந்தச் சோதனைகளை உங்களுக்கும் கூறுகிறேன்.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி ஹான்ட் பிறேக் போடுங்கள். எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, பிறேக்கை மிதித்தபடி றிவேர்ஸ் கியர் போடுங்கள். உதவிக்கு நிற்பவர் நேர் பின்னால் நில்லாமல் பக்கவாட்டில் நிற்கட்டும்.

1. துடைத்துப் பாருங்கள்: செம்மண் புழுதியும் சேறுமே பெரும்பாலும் காரணம். கண்ணாடியைத் தண்ணீரால் நனைத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். பெற்றோல், தின்னர், அரத்தாள் வேண்டாம். கண்ணாடியின் மேற்பூச்சு கெட்டுவிடும்.

2. உள்ளே ஈரமா? துடைத்த பின்னும் புகைபோலத் தெரிந்து, வெயிலில் நின்றபின் தெளிந்தால், றப்பர் விலகி உள்ளே நீராவி புகுந்திருக்கிறது. இந்நிலையில் கமராவை மட்டும் மாற்றினால் போதும்.

3. இரவில் மட்டும் மங்கலா? பின்புற வெள்ளை மின்குமிழ் எரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளிகள் கூடும். மின்குமிழின் விலை கமராவின் விலையல்ல.

4. திரையா, கமராவா? அதே திரையில் வானொலி எழுத்துகள் தெளிவாக இருந்தால் திரையில் பெரிய பிழை இல்லை. அவையும் மங்கினால் வெளிச்ச அளவைக் கூட்டிப் பாருங்கள்.

5. கோடுகள், நடுக்கம், இடையிடையே மறைதல்: இவை வயரின் குற்றங்கள். படம் ஓடும்போது பின் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு அசையும்போது படமும் துடித்தால், பிணைச்சலில் வயர் நைந்துள்ளது. இல்லையேல் இணைப்புகளும் ஏர்த் வயரும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். படமே வராவிட்டால் முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும்.

புதிய கமரா வாங்க நேர்ந்தால், யப்பானியத் திரைகள் பல என்.ரி.எஸ்.சி முறையில் இயங்குபவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பொருந்தாத கமராவில் படம் நிறமிழக்கலாம் அல்லது உருளலாம். பூட்டிய பின் வாகனத்தின் இடப்பக்க மூலையில் சிவப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். திரையிலும் அது இடப்பக்கமே தெரிய வேண்டும். இடம் வலமாக மாறினால் ஆபத்து. சரிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் 2002இல், தந்தை பின்னோக்கி எடுத்த வாகனத்தில் சிக்கி அவரது இரண்டு வயது மகன் இறந்தான். அந்தப் பிள்ளையின் பெயரிலேயே 2008இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2018 மே முதல் புதிய சிறு வாகனங்கள் அனைத்திலும் பின்புறக் கமரா கட்டாயமானது. பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமுமான இடம் அதில் தெரிய வேண்டும். உங்கள் வாகனத்தின் பின்னால் வெவ்வேறு இடங்களில் ஒரு வாளியை வைத்து, எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்து வையுங்கள்.

சகோதரிகளே, குற்றம் எங்கே என்று தெரிந்துகொண்டு கராஜுக்குப் போகும் பெண்ணை ஏமாற்றுவது கடினம். “எதை மாற்றப் போகிறீர்கள்? ஏன்?” என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கமரா எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது துணை மட்டுமே. பிள்ளைகள் இறங்கிய இடத்தில், ஒருமுறை இறங்கிப் பின்னால் பார்த்த பின்னரே வாகனத்தை எடுங்கள்.