ஆளும் பிரசையும்: அடிப்படை உரிமைகள் யாருக்கு உரியவை?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகின்றது. அதனைக் கற்கும் மாணவர் பலர் இரு சொற்களைக் கவனியாது விடுகின்றனர். சில உறுப்புரைகள் "ஆள்" எனவும் வேறு சில "பிரசை" எனவும் குறிப்பிடுகின்றன. ஓர் உரிமை யாருக்கு உரியது என்பதை இச்சொல்லே தீர்மானிக்கின்றது.

1. ஆட்கள் அனைவருக்கும் உரியவை

பிரசை, வெளிநாட்டுத் தொழிலாளி, அகதி, நாடற்றவர் என்ற வேறுபாடு இங்கு இல்லை.

• சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் (உறுப்புரை 10)
• சித்திரவதைக்கும் கொடூரமான, இழிவான நடத்துகைக்கும் உட்படாதிருத்தல் (11)
• சட்டத்தின் முன் சமத்துவம் (12(1))
• சட்டப்படியன்றிக் கைது செய்யப்படாமை, நியாயமான விசாரணை (13)

உதாரணமாக, விசாக் காலம் முடிந்த பின்னரும் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் ஒருவரை நாடு கடத்தும் கட்டளையின் பேரில் தடுத்து வைக்கலாம். அது 13 ஆம் உறுப்புரையை மீறுவதாகாது. ஆயினும் அவரைச் சித்திரவதை செய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை.

2. பிரசைகளுக்கு மட்டும் உரியவை

• இனம், மதம், மொழி, சாதி, பால் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டப்படாமை (12(2))
• பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் அமைத்தல், நடமாட்டம் முதலிய சுதந்திரங்கள் (14(1))
• தகவல் பெறும் உரிமை (14அ, 2015 இல் 19 ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது)

3. இவ்வேறுபாடு ஏன் முக்கியமானது?

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இலங்கையிற் பிறந்தமையை நிரூபிக்குமாறு கோரியது. தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழருட் பெரும்பாலோரால் அதனை நிரூபிக்க முடியவில்லை. அவர்கள் நாடற்றோராயினர். 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. 1947 தேர்தலிற் பாராளுமன்றத்திற்குப் பிரதிநிதிகளை அனுப்பியிருந்த இம்மக்களுக்கு 1952 இல் ஒரு பிரதிநிதியேனும் இருக்கவில்லை. அவர்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை, மாறியது சட்டமே.

1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சமமாகப் பங்கிடப்பட்டனர். 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலமே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. 1948 இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள் கடந்திருந்தன.

யார் பிரசை என்பதைப் பாராளுமன்றம் சட்டத்தால் மாற்றலாம். ஆனால் ஒருவர் "ஆள்" என்பதை எச்சட்டத்தாலும் மாற்ற முடியாது. எனவே இச்சொல்லில் தங்கியுள்ள உரிமைகள், இன்று பிரசையாக இருப்போருக்கும் காவலாகும்.

4. பரிகாரம்

நிர்வாகத் துறையினரால் அடிப்படை உரிமை மீறப்பட்ட எவரும், ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் (17, 126). மனுதாரர் பிரசையாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

நினைவிற் கொள்க: மத நம்பிக்கை கொண்டிருத்தல் ஆட்கள் அனைவருக்கும் உரியது (10), அதனை வழிபாட்டின் மூலம் வெளிப்படுத்தல் பிரசைகளுக்கு உரியதாகக் கூறப்பட்டுள்ளது (14(1)). பரீட்சையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாதிரி வினாக்கள்

1. இலங்கையில் வசிக்கும் வெளிநாட்டவர் ஒருவர் அனுபவிக்கக்கூடிய அடிப்படை உரிமைகள் மூன்றினைக் குறிப்பிடுக.
2. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருக்கு ஏற்பட்ட விளைவுகள் இரண்டினை விளக்குக.
3. சில உரிமைகள் "ஆள்" என்ற சொல்லால் வழங்கப்பட்டிருப்பதன் முக்கியத்துவத்தைத் தெளிவாக்குக.