கரன்ட் பில்லில் வராத செலவு: அத்திப்பட்டில் ஒரு எக்கனாமிக்ஸ் பாடம்

பிளஸ் டூ எக்கனாமிக்ஸ் புத்தகத்தில் ‘புறவிளைவு’ என்று ஒரு சொல் வரும். ஆங்கிலத்தில் எக்ஸ்டர்னாலிட்டி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோகிற சொல்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். (அஜித்தின் ‘சிட்டிசன்’ படத்தில் வருவது அத்திப்பட்டி. அது வேறு!)

இங்கே இருக்கிறது வடசென்னை அனல்மின் நிலையம். முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி, பாராதீப்பில் கப்பல் ஏறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது. சுரங்கத்துக்குப் பணம், ரயிலுக்குப் பணம், கப்பலுக்குப் பணம், ஊழியருக்குச் சம்பளம். எல்லாமே மின்வாரியத்தின் கணக்கில் ஏறிவிடும்.

ஏறாத ஒன்று உண்டு: சாம்பல். இந்திய நிலக்கரியை எரித்தால் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் பல வருஷமாக ஒழுகின. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவருக்கு இறால் குறைந்தது. அந்த நஷ்டத்துக்கு பில் போட ஆளில்லை. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த விலையில் மூன்றாவது ஆள் தலையில் விழுகிற செலவு. புறவிளைவு என்றால் இதுதான்.

பேச்சுக்கு ஒரு யூனிட் தயாரிக்க 5 ரூபாய் ஆகிறது, ஆற்றுக்கும் மீனவருக்கும் 1 ரூபாய் நஷ்டம் என்று வைப்போம். உண்மையான விலை 6. நாம் பார்ப்பது 5. விலை குறைவாகத் தெரிந்தால் எந்தப் பொருளும் தேவைக்கு மேல் உற்பத்தியாகும். ‘சந்தைத் தோல்வி’ என்று எக்கனாமிக்ஸ் சொல்வதில் இதுவும் ஒரு வகை.

சரி, என்ன செய்யலாம்? 1920-ல் ஆர்தர் பிகு சொன்னது: அந்த 1 ரூபாயை வரியாகப் போடு. 1960-ல் ரொனால்டு கோஸ் மாற்றி யோசித்தார்: உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவில்லை என்றால், இரண்டு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆறு யாருடைய சொத்து? அன்றாடம் இறால் விற்றுச் சாப்பிடுகிறவர், மின்வாரியத்துடன் சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேச முடியுமா? அதனால்தான் விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போனது.

‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில். அதே வழியில் 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கொசஸ்தலையாற்றுச் சாம்பல் விவகாரத்தில் மின்வாரியத்துக்கு எதிராக உத்தரவிட்டது.

பிகுவின் வரிக்கும் இங்கே சொந்தக்காரர் உண்டு. 2021 டிசம்பர் 31-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்கிறது. கழிவுக்கு விலை வந்தால் அதை விற்க வழி தேடுவார்கள். உலர் சாம்பலுக்கு மார்க்கெட்டும் இருக்கிறது: செங்கல் சூளைக்கு மாற்றாகச் சாம்பல் கல், போஸோலானா சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல். தண்ணீரில் கரைத்துவிட்டால்தான் வாங்க ஆள் குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு, புத்தகம் அவ்வளவாகப் பேசாதது. மின்வாரியம் அரசு நிறுவனம். அது கட்டும் அபராதம் கடைசியில் கட்டணமாகவோ மானியமாகவோ நம்மிடம்தான் வரும். எனக்கு இதில் பெரிய ஆட்சேபம் இல்லை. மாநிலம் முழுக்க வீடுகளுக்கு 100 யூனிட் இலவசமாக ஓடுகிறது; அதன் சாம்பல் விழுந்ததோ ஒரே ஆற்றில்.