வலது மணிக்கட்டுக்கு ஓர் எண்

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1 அன்று. அதே ஏப்ரல் 1 அன்றுதான் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களில் கொரோனாவுக்கென்று ஒரு தனி எண் நடைமுறைக்கு வந்தது: யு07.1. தேதி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் அந்த எண்ணோடு வந்த விதி கவனிக்க வேண்டியது. 'கொரோனாவாக இருக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருந்தால் யு07.1 போடக் கூடாது. இருமல் என்றால் இருமலுக்கான எண், காய்ச்சல் என்றால் காய்ச்சலுக்கான எண். நோய் உறுதியானது என்று ஆவணத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் புது எண். உலகமே பதறிக்கொண்டிருந்த வாரங்களில், யாரோ ஒருவர் கணினி முன் உட்கார்ந்து 'இருக்கலாம்' என்பதையும் 'இருக்கிறது' என்பதையும் நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் சென்னையிலோ திருச்சியிலோ இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வேலைக்குப் பெயர் மெடிக்கல் கோடிங்.

பெயரைக் கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. இதில் ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து, அதற்குரிய எண்ணைத் தேடிப் போடுவதுதான் மொத்த வேலை.

தாராவித் தமிழர் வீடுகளுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்த திசையே வேடிக்கையானது. 'பம்பாயில் வேலை இருக்கிறது' என்ற செய்தி இங்கிருந்து திருநெல்வேலிக்குப் போனதுதான் மூன்று தலைமுறை வழக்கம். இப்போது ஊரிலிருந்து செய்தி வருகிறது. பி.எஸ்சி முடித்த அத்தை மகள் சென்னைக்குப் போய் கோடிங்கில் சேர்ந்துவிட்டாள், நீ ஏன் முயற்சி செய்யக் கூடாது என்று. சென்னை, கோவை, திருச்சி, சேலம் என்று தமிழ்நாட்டில் இந்தத் தொழில் வேர்விட்ட அளவுக்கு மும்பையில் பரவவில்லை. இங்கே இருக்கும் அலுவலகங்களும் ஐரோலி, அந்தேரி பக்கம்தான். அதனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு விவரம் அரைகுறையாகவே கிடைக்கிறது. பயிற்சி மையங்களின் நோட்டீஸ் மட்டும் முழுசாகக் கிடைக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஒரு பாட்டி படியில் தடுக்கி, கையை ஊன்றி விழுகிறார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. டாக்டர்கள் 'காலிஸ் முறிவு' என்று சொல்லும் வகை. தோல் கிழியவில்லை. அன்றே சிகிச்சை. இதற்கு எண் எஸ்52.531ஏ. இதே முறிவு இடது கையில் என்றால் எஸ்52.532ஏ. கட்டுப் போட்டு, எலும்பு ஒழுங்காகக் கூடிவரும்போது மறுபடி காட்ட வந்தால், கடைசி எழுத்து 'ஏ' போய் 'டி' வரும். எந்தக் கை என்று டாக்டர் எழுத மறந்துவிட்டால்? எக்ஸ்ரே எடுத்தது வலது கைக்குத்தானே என்று நாமே ஊகித்து எழுதிவிட முடியாது. ஆவணத்தில் வேறெங்காவது தெளிவாக எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். எழுதாதது நடக்காதது. இந்தத் தொழிலின் முதல் விதியும் கடைசி விதியும் அதுதான்.

எதற்கு இத்தனை பாடு? அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவச் செலவை இன்ஷூரன்ஸ் நிறுவனங்களோ அரசின் மெடிகேர் போன்ற திட்டங்களோ கொடுக்கின்றன. என்ன நோய், அதற்கு என்ன செய்தீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் எண்ணால் பதில் சொன்னால்தான் பணம் வரும். நோய் எண்ணும் சிகிச்சை எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கோரிக்கை திரும்பி வந்துவிடும். அலுவலக மொழியில் 'டினையல்'. செய்ததைவிடப் பெரிய சிகிச்சைக்கான எண்ணைப் போட்டுப் பணம் வாங்கினால் அது மோசடி. அமெரிக்க அரசு வழக்கே தொடுக்கும். ஆகவே ஐரோலியில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் போடும் ஓர் எழுத்துக்குப் பணமும் சட்டமும் இரண்டு பக்கமும் காவல் நிற்கின்றன.

படிக்க வேண்டிய புத்தகங்கள் மூன்று. முதலாவது நோய்களுக்கான ஐசிடி. பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது இது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அமெரிக்கா தனக்கென்று விரித்து எழுதிக்கொண்ட ஐசிடி-10-சிஎம் அங்கே 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய பதிப்பில் சுமார் 14,000 நோய் எண்கள். புதியதில் சுமார் 70,000. வலது, இடது, முதல் வருகை, மறு வருகை என்று பிரித்ததில் பெருகியவை அதில் பெரும்பகுதி. வாத்து மோதிக் காயம்பட்டால்கூட எண் உண்டு. இரண்டாவது புத்தகம் சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிடுவது. செய்த சிகிச்சைகளுக்கான ஐந்து இலக்க எண்கள். குடல்வாலை வயிற்றைத் திறந்து எடுத்தால் 44950, லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் 44970. மூன்றாவதை 'ஹிக்பிக்ஸ்' என்பார்கள். ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலி, ஊசி மருந்து போன்றவற்றுக்கு. இந்த எழுபதாயிரத்தையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. தேடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எதைத் தேடுவது என்று தெரிவதற்குத்தான் உடற்கூறியல் வேண்டும்.

மாட்டுங்காக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஏதாவது நினைவுக்கு வரலாம். டைப்பிங் இரண்டு தாள், பிட்மன் சுருக்கெழுத்து என்று பாஸ் செய்துவிட்டு ரயிலேறி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் ஸ்டெனோவாகச் சேர்ந்த தலைமுறை இந்தத் தெருக்களில்தான் வாழ்ந்தது. 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அந்த வீடுகளின் பிள்ளைகளுக்காக எழுந்ததுதான். பிறர் சொன்னதைப் பிழையில்லாமல் ஏட்டில் ஏற்றுவதுதான் அந்தத் தலைமுறையின் மூலதனம். 2000-ஐ ஒட்டி மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வந்தது; அமெரிக்க டாக்டர் பேசி அனுப்பியதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் அந்த வேலை சுருங்கியது. கோடிங் அதே வம்சத்தின் அடுத்த பிள்ளை. ஆனால் டைப்பிஸ்டுக்குக் கை வேகம் போதும், டிரான்ஸ்கிரிப்ஷனுக்குக் காது போதும். கோடருக்கு வேண்டியது வாசிப்பு. ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பிள்ளைகள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. படிக்கத் தயங்குபவர்கள்தான் அஞ்ச வேண்டும்.

யார் சேரலாம்? நர்சிங், பார்மஸி, பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல், விலங்கியல் படித்தவர்களுக்கு நிறுவனங்கள் முன்னுரிமை தருகின்றன. சயானில் உள்ள எஸ்ஐஇஎஸ் கல்லூரி, மாட்டுங்காவின் ருயா, செம்பூரின் விவேகானந்தா கல்விச் சங்கக் கல்லூரிகள் என்று இந்த மூன்று பகுதிகளைச் சுற்றியே அப்படிப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. பி.காம் படித்தவருக்குக் கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு இதே துறையின் பில்லிங் பிரிவும், பணம் வராத கோரிக்கைகளுக்காக அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர்களைத் தொலைபேசியில் துரத்தும் 'ஏஆர் காலிங்' வேலையும் எளிதில் கிடைக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. ஏஆர் காலிங் இரவு வேலை. கோடிங்கில் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் பகல் வேலை. மகளை இரவு வேலைக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகளில் இந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கிறது.

சான்றிதழ் என்றால் பெரும்பாலும் சிபிசி. 1988-இல் தொடங்கிய ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்துகிறது. நூறு கேள்விகள், நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மூன்று புத்தகங்களையும் வைத்துக்கொண்டே எழுதலாம். 'புத்தகம் பார்த்து எழுதுவதுதானே' என்று நினைத்துப் போகிறவர்கள்தான் தோற்கிறார்கள்; ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை, புரட்டிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். தேறியவுடன் கிடைப்பது முழுச் சான்றிதழும் இல்லை. அனுபவம் இல்லாதவருக்கு சிபிசி-ஏ. அந்த 'ஏ' தொழில் பழகுநர் என்பதைக் குறிக்கும். இரண்டு ஆண்டு வேலை செய்து காட்டினால் அது நீங்கும். கட்டணம் டாலரில், தனியாக உறுப்பினர் சந்தா வேறு. கடன் வாங்கித் தேர்வு எழுதும் முன் ஒன்றை யோசிக்கலாம்: பல நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாத ஃப்ரெஷர்களையும் எடுத்து, தாங்களே பயிற்சி கொடுத்து, பிறகு தேர்வு எழுதச் சொல்கின்றன. முதலில் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்ப் பார்ப்பதில் ரயில் கட்டணம் தவிர நஷ்டமில்லை.

பயிற்சி மையங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. '100 சதவீத வேலை உறுதி' என்று எழுதியிருந்தால், அந்த உறுதி எந்தத் தாளில் யார் கையெழுத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பாடம் நடத்துபவர் உண்மையில் சார்ட், அதாவது நோயாளியின் ஆவணம், பார்த்து எண் போட்டவரா, போன பேட்சில் பாஸ் செய்த மாணவர் அதே மையத்தில் ஆசிரியராக உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். உடற்கூறியலுக்கு எத்தனை வாரம் என்று கேளுங்கள். 'அதெல்லாம் நீங்கள் காலேஜிலேயே படித்திருப்பீர்களே' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். வேலைக்கே முன்பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

சேர்ந்த பிறகு? தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள். சயானிலோ மாட்டுங்காவிலோ ஏறினால் தாணேயில் மாறி ஐரோலி. செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைனில் வாஷி போய் மாற வேண்டும். உள்ளே நுழையும் முன் செல்போனைப் பெட்டியில் வைக்கச் சொல்லும் அலுவலகங்கள் அதிகம். நோயாளியின் விவரம் வெளியே கசியக் கூடாது என்று அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் இருக்கிறது. பேனா, தாள்கூட மேசைக்கு வராத இடங்கள் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட். போட்டதில் சிலவற்றை ஆடிட்டர் எடுத்துப் பார்ப்பார். 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது பரவலான அளவு. முதல் சில மாதம் டார்கெட்டைப் பிடித்தால் க்வாலிட்டி நழுவும், க்வாலிட்டியைப் பிடித்தால் டார்கெட் நழுவும். இரண்டும் ஒரு நாள் சேர்ந்து வரும் என்று சீனியர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் வந்தும்விடுகிறது. கண்ணும் முதுகும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடாதா என்ற கேள்விக்கு, ஒரு பகுதியைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதுதான் நேர்மையான பதில். எக்ஸ்ரே அறிக்கை போல ஒரே அச்சில் வருபவற்றுக்கு மென்பொருளே எண்ணைப் போட்டுவிடுகிறது. டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தவரின் ஆவணம், பல உறுப்புகளைத் தொட்ட அறுவை சிகிச்சை, மென்பொருள் போட்டது சரியா என்று பார்க்கும் ஆடிட், திரும்பி வந்த டினையலுக்கு மறுப்பு எழுதுவது ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் வேண்டும். இன்று சேர்பவர் எளிய சார்ட்டுகளிலேயே ஐந்து வருடம் சுகமாக உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு.

அமெரிக்காவை மட்டுமே நம்ப வேண்டும் என்றும் இல்லை. நம் இன்ஷூரன்ஸ் கோரிக்கைப் படிவத்திலேயே மருத்துவமனை நிரப்ப வேண்டிய ஐசிடி-10 கட்டம் இருக்கிறது. இறந்தவருக்கு டாக்டர் எழுதும் மரணக் காரணச் சான்றிதழும் பிறகு இதே வகைப்பாட்டில்தான் தொகுக்கப்படுகிறது. மருத்துவமனைகளின் ஆவணப் பிரிவிலும், கோரிக்கைகளைச் சரிபார்க்கும் டிபிஏ அலுவலகங்களிலும் இந்த அறிவுக்கு இடம் உண்டு. 2024 ஜனவரி 10 அன்று ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கும் ஐசிடி-11-இல் எண்கள் வெளியிடப்பட்டன. சித்த மருத்துவம் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

புத்தகம் வாங்கும் விஷயம் ஒன்று மிச்சம். ஐசிடி-10-சிஎம் ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகின்றன. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் நாலு வருடம் பழைய ஐசிடி கண்ணில் பட்டால், பேரம் பேசி வாங்கிக்கொள்ளலாம். தேடிப் பழக அது போதும். மணிக்கட்டு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். தேர்வுக்குப் போகும்போது மட்டும் அந்த வருடத்துப் புத்தகத்தோடு போங்கள்.